எட்டு ரூபாய் எங்கிருந்து வந்தது: ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் ஒரு பர்சேஸ் பயிற்சி

புதிதாகச் சேரும் பட்டதாரிகளை ஒன்றரை வருடம் துறை துறையாகச் சுற்றவைத்து, பிறகு ஒரு துறையில் நிலையாக அமர்த்தும் பயிற்சித் திட்டம் தோல் தொழிலிலும் வேர்விட்டுவிட்டது. எங்கள் கம்பெனியில் அதன் வரிசை இப்படி: ஆறு மாதம் உற்பத்தி, ஆறு மாதம் பர்சேஸ், ஆறு மாதம் தரப் பிரிவு. நான் உற்பத்தித் திட்டமிடலில் இருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருப்பதும் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில், ஒரு பயிற்சியாளர் பர்சேஸில் இருந்த 6 மாதத்தையும், அவர் அங்கிருந்து நகர்ந்த பிறகு நடந்ததையும் ஒரே ஒரு தோல் ஆர்டரை மையமாக வைத்து இங்கே எழுதுகிறேன். கம்பெனி, சப்ளையர்கள், ஆட்கள் யாருடைய அடையாளமும் இதில் இல்லை. தொகைகளைக் கணக்குப் பார்க்க வசதியாக முழுமைப்படுத்தியிருக்கிறேன், ஆனால் அவற்றுக்கிடையேயான விகிதம் மாறவில்லை.

இப்படிப்பட்ட திட்டத்தில் பர்சேஸ் முறை வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு பயமும் ஆசையும் சேர்ந்தே வரும். உற்பத்தியில் நூறு பேரில் ஒருவராக நின்றவர்கள், இங்கே தன் பெயரில் ஒரு தொகையைக் காட்டலாம். ‘இவ்வளவு மிச்சப்படுத்தினேன்’ என்று 6-வது மாத ரிவ்யூவில் சொல்லலாம். இந்த நிகழ்வில் என்னை யோசிக்க வைத்ததே அந்தத் தொகைதான்.

களம்

1989-ல் வட ஆற்காடு இரண்டானது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில், பேரணாம்பட்டு வேலூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில். தோல் வியாபாரத்துக்கு இந்த எல்லைகள் இன்னும் தெரியாது. காலையில் ராணிப்பேட்டையில் ஏற்றிய தோல் மதியம் ஆம்பூர் கட்டிங் செக்‌ஷனில் இறங்கும். பேரணாம்பட்டில் டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, வைத்திருப்பவரும் வாணியம்பாடி டேனரிக்காரரும் ஒருவர் ரேட்டை இன்னொருவர் அன்று மாலைக்குள் அறிந்துவிடுவார்கள்.

இந்தப் பகுதியில் தோல் வாங்குகிறவர் விலையைப் பார்க்கும் முன்பு தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாலாற்றுப் படுகையில் டேனரிக் கழிவு செய்த சேதத்தை முன்வைத்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்திய தீர்ப்புகளில் முக்கியமானது அது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பேச வேண்டியிருந்தது. நடுவில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். ஒரு சதுர அடித் தோலின் விலைக்குள் சுத்திகரிப்புச் செலவும் இருக்கிறது. யாராவது சதுர அடிக்கு எட்டு ரூபாய் குறைத்துச் சொன்னால், அந்த எட்டு ரூபாய் ஆற்றிலிருந்து வருகிறதா என்று கேட்பது வாங்குகிறவரின் கடமை. இந்தக் கேள்வியைக் கேட்காத பர்சேஸ் ஆளை நான் முழு பர்சேஸ் ஆளாக எண்ணுவதில்லை.

மூன்று கொட்டேஷன்

பயிற்சியாளர் குடியாத்தத்துப் பெண். காட்பாடியில் பொறியியல் படித்தவர். 2024 ஜூனில் பர்சேஸுக்கு வந்தார். முதல் இரண்டு மாதம் சின்னச் சின்ன வேலை: நூல், ஐலெட், லேஸ், பசை, உள் அட்டை. பி.ஓ. (கொள்முதல் ஆணை) போடுவது, சப்ளையருக்கு நினைவூட்டுவது, ஸ்டோரில் ஜி.ஆர்.என். (பொருள் வந்ததைப் பதியும் சீட்டு) ஏறியதா என்று பார்ப்பது. எல்லோரும் கடக்கும் கட்டம்தான், அதில் விசேஷம் எதுவும் இல்லை.

ஆகஸ்டில் ஐரோப்பிய பையர் (வாங்குபவர்) ஒருவரின் 18,000 ஜோடி ஆண்கள் ஷூ உறுதியானது. மேல்தோல் கருப்பு நிறப் பசு மாட்டுத் தோல், கனம் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர், ஃபுல் கிரெய்ன், அதாவது மேற்பரப்பைத் தேய்க்காத இயற்கையான தோல். ஜோடிக்கு 2.2 சதுர அடி என்பது எங்கள் நார்ம், அதாவது நிர்ணயித்த அளவு. மொத்தம் 39,600 சதுர அடி தேவை. பர்சேஸ் மேனேஜர் அந்த ஆர்டரை அவரிடம் கொடுத்து, “பழைய சப்ளையரை மட்டும் நம்பி இருக்காதம்மா. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கு” என்றார்.

பழைய சப்ளையர் பேரணாம்பட்டில் பல வருடமாக எங்களுக்குத் தோல் தருகிறவர். அவர் சொன்னது சதுர அடிக்கு 142 ரூபாய். வாணியம்பாடியிலிருந்து ஒருவர் 145. ராணிப்பேட்டையிலிருந்து புதிய ஒருவர் 134.

எக்செல் தாளில் பதில் உடனே வந்துவிட்டது. 39,600-ஐ 8-ஆல் பெருக்கினால் 3,16,800 ரூபாய். பயிற்சிக் காலத்தில் ஒருவர் இந்தத் தொகையை மிச்சம் என்று காட்டினால் ரிவ்யூ அறையில் கைதட்டுவார்கள். அதே சமயத்தில் இன்னொரு பயிற்சியாளர் அட்டைப் பெட்டியின் பேப்பரை லேசாக்கிப் பெட்டிக்குச் சில ரூபாய் குறைத்திருந்தார். அவருடைய ஸ்லைடு தயாராகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இவர் உடனே பி.ஓ. போடவில்லை. முதலில் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டார். ராணிப்பேட்டைக்காரர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியையும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக இருக்கும் சான்றையும், அங்கே பணம் கட்டிய ரசீதுகளையும் தயக்கமில்லாமல் கொடுத்தார். அடுத்து குரோமியம். தோலில் இருக்கும் சாதாரண குரோமியம் சூட்டிலும் வறட்சியிலும் சில கொழுப்பு எண்ணெய்களோடு சேர்ந்தும் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம்-6 ஆக மாறக்கூடும். உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. ராணிப்பேட்டைக்காரர் தந்த டெஸ்ட் ரிப்போர்ட் வேறு நிறத் தோலுக்கானது, ஒரு வருடத்துக்கும் முந்தையது. பயிற்சியாளர் புதிதாக எடுக்கச் சொன்னார், ராணிப்பேட்டைக்காரர் எடுத்தார், தேறியது. ஆக, அந்த எட்டு ரூபாய் ஆற்றிலிருந்தும் வரவில்லை, டெஸ்ட்டில் மறைத்ததிலிருந்தும் வரவில்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

கட்டிங் டேபிள்

பர்சேஸில் மட்டுமே வளர்ந்த ஒருவர் இங்கே நின்றிருப்பார். விலை குறைவு, காகிதம் சரி, டெஸ்ட் சரி, வேறென்ன வேண்டும்? இவர் பர்சேஸுக்கு முந்தைய ஆறு மாதத்தைக் கட்டிங் செக்‌ஷனில் கழித்தவர். தோலை யாரும் சதுர அடியாக ஷூவில் தைப்பதில்லை என்று அங்கே கண்ணால் பார்த்திருந்தார்.

ஒரு பசுவின் தோலை முதுகெலும்புக் கோட்டில் இரண்டாக வெட்டினால் கிடைப்பது இரண்டு சைடு. முதுகை ஒட்டிய பின்பகுதி இறுக்கமாக, நார் நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் போகப் போகத் தளரும். ஷூவின் முன்பக்கம், அதாவது வேம்ப், நடக்கும்போது மடங்கும் இடம். அதற்கு நல்ல இடத்துத் தோல்தான் வேண்டும். தோல் எந்தப் பக்கம் குறைவாக இழுபடுகிறதோ அந்தப் பக்கம் விரலிலிருந்து குதிகால் வரைக்குமாக விழ வேண்டும். இடது காலும் வலது காலும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டப்பட்டால்தான் நிறமும் கிரெய்னும் பொருந்தும். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறல், தோல் உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாவற்றையும் கட்டர் சில்வர் பேனாவால் வட்டமிட்டு விலக்கிவிட்டுத்தான் டையை, அதாவது வெட்டும் அச்சை, வைப்பார். வயிற்றுத் தோல் ஷூவின் நாக்குக்கும் உள்ளே மறையும் பாகங்களுக்கும் போகும், மிச்சம் கழிவு. விலையைச் சதுர அடியில் பேசுகிறோம், ஷூவோ இந்த வட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் சுத்தமான இடத்திலிருந்து பிறக்கிறது.

அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, சாம்பிள் அனுப்பச் சொல்லவில்லை. சாம்பிள் என்று வருவது எப்போதும் அந்த டேனரியில் இருப்பதிலேயே நல்ல சைடுதான். நேரில் ராணிப்பேட்டை போய், அடுக்கியிருந்த லாட்டில் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் தானே உருவி எடுத்துவந்தார். பேரணாம்பட்டு லாட்டிலும் அப்படியே. இரண்டையும் எங்கள் மெஷினில் மறுபடி அளந்தார், பின்பக்கம் அடித்திருந்த அளவோடு பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டாவது, கட்டிங் மாஸ்டரிடம் போய் நின்றார்.

“அண்ணே, ரெண்டு லாட்டையும் ஒரே கட்டர், ஒரே டை, ஒரே சைஸ் மிக்ஸ்ல வெட்டிப் பாக்கணும்.”

“ஒரு பிரஸ்ஸு அரை நாளு நிக்கும். ப்ரொடக்‌ஷன்ல என்னத்தான் கேப்பாங்கோ.”

“நான் சார்கிட்ட சொல்லிட்டேன் அண்ணே. எழுதியும் குடுக்கறேன்.”

“நீ இங்க நின்னு வேல பாத்த பொண்ணுன்றதால போடறேன். பர்சேஸ்லருந்து இன்னிவரைக்கும் ஒருத்தரும் வந்து இத கேட்டதில்ல.”

பேரணாம்பட்டுத் தோல் 363 சதுர அடியில் 165 ஜோடி கிடைத்தது. ஜோடிக்கு 2.2. ராணிப்பேட்டைத் தோல் 360 சதுர அடியில் 150 ஜோடி. ஜோடிக்கு 2.4. சைடுகள் சிறியவை, கழுத்துப் பக்கத் தழும்பு அதிகம், நல்ல இடம் குறைவு. ஏமாற்று எதுவும் இல்லை, பச்சைத் தோல் வாங்கும்போதே அவர் அந்தத் தரத்தில்தான் வாங்குகிறார். எட்டு ரூபாயின் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது.

இப்போது கணக்கு திரும்பியது. 142-ஐ 2.2-ஆல் பெருக்கினால் ஜோடிக்கு 312 ரூபாய் 40 காசு. 134-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 321 ரூபாய் 60 காசு. 18,000 ஜோடிக்கு 39,600 சதுர அடி போதாது, 43,200 வேண்டும். மலிவான தோல் முழு ஆர்டரில் 1,65,600 ரூபாய் அதிகம் தின்னும். அதுவும் நார்ம் 2.2 என்றே பி.ஓ. போயிருந்தால், 16,500 ஜோடி வெட்டி முடிந்ததும் தோல் தீர்ந்துபோய், கப்பல் தேதிக்கு முன் அவசரமாகக் கிடைத்த ரேட்டில் வாங்க வேண்டி வந்திருக்கும். அந்த அவசரத்தை யாரும் பர்சேஸ் பிழை என்று எழுதமாட்டார்கள். கட்டிங்கில் வேஸ்டேஜ் அதிகம் என்றுதான் பதிவாகும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, சுழற்சிப் பயிற்சியால் இது கிடைத்தது என்பதை. பல பேர் இந்தத் திட்டங்களை ‘எதிலும் ஆழமில்லாமல் நுனிப்புல் மேய வைக்கிறது’ என்று குறை சொல்கிறார்கள். முந்தைய துறையின் கண்ணை அடுத்த துறைக்குக் கொண்டுவருவது ஆழத்துக்குக் குறைந்ததல்ல. துறைகளின் வரிசையைச் சரியாக வைத்தால் மட்டும் அது நடக்கும். கட்டிங்குக்கு முன்பே பர்சேஸுக்கு வந்திருந்தால் இவருக்கு யாரிடம் போய் என்ன கேட்பது என்றே தெரிந்திருக்காது. மாஸ்டரும் பிரஸ்ஸை நிறுத்தியிருக்கமாட்டார்.

பேரணாம்பட்டில்

அவர் அதோடு விட்டிருந்தால் ‘பழைய சப்ளையருக்கே கொடுக்கலாம்’ என்ற ஒரு வரிப் பரிந்துரையாக முடிந்திருக்கும். ஆனால் மேனேஜர் இன்னொன்று கேட்டார்: “142-ஏ ஏன் குடுக்கணும்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் பேரணாம்பட்டு போனார். பல டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை கிளம்பினார்.

சப்ளையர் வயதில் பெரியவர். தேநீர் வந்தது. இது பற்றியும் ஒரு வார்த்தை: தேநீர் குடிக்கலாம், ரம்ஜான் அன்று வீட்டுக்குக் கூப்பிட்டால் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போகலாம், கவரோ பரிசுப் பையோ வாங்கக் கூடாது. இதை நான் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன். இளம் வயதில் இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் ரேட் பேசும்போது நாக்கு இழுத்துக்கொள்வது இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.

“பாய், 142 கொஞ்சம் அதிகமா இருக்கே. எங்க குறைக்கலாம்னு சொல்லுங்க.”

“ரேட்ட குறைங்கோன்னு வர்றவங்கோ எல்லாம் கேக்கறாங்கோ மா. காசு எப்போ வரும்னு கேட்டா யாரும் சொல்ல மாட்றாங்கோ.”

“பி.ஓ.ல 45 நாள்னு போட்டிருக்கே பாய்.”

பெரியவர் பதில் சொல்லவில்லை. கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு லெட்ஜரை எடுத்துவரச் சொன்னார்.

ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று தேதி. தோல் எங்கள் கேட்டில் இறங்கிய தேதி, எங்கள் ஜி.ஆர்.என். தேதி, பணம் வந்த தேதி. கடைசி 9 பில்களைப் பயிற்சியாளர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். தோல் இறங்கியதற்கும் ஜி.ஆர்.என். போட்டதற்கும் நடுவில் மூன்று வாரம் வரை போயிருந்தது. அளவு சரிபார்க்கணும், தரப் பிரிவு பார்க்கணும், ஸ்டோரில் ஆள் இல்லை. எங்கள் அக்கவுண்ட்ஸ் 45 நாளை ஜி.ஆர்.என். தேதியிலிருந்து எண்ணியது. அது முடிந்தாலும் மாதத்துக்கு இரண்டே நாள்தான் பேமென்ட் ரன், ஒரு கையெழுத்து விடுபட்டால் அடுத்த ரன்னுக்குத் தள்ளும். 9 பில்களின் சராசரி, தோல் இறங்கியதிலிருந்து 105 நாள். பேசிய கெடுவுக்கு மேல் 60 நாள்.

அந்த 60 நாளைப் பெரியவர் எப்படிச் சமாளிக்கிறார்? பச்சைத் தோல் வியாபாரிக்கு அவர் ரொக்கம் கொடுக்க வேண்டும். கெமிக்கலுக்கு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு, கூலிக்கு எதிலும் கடன் நீளாது. வெளியே வட்டிக்கு வாங்குகிறார். வருடத்துக்கு 18 சதவீதம் என்று வைத்தால், 142 ரூபாய்க்கு 60 நாள் வட்டி 4 ரூபாய் 20 காசு. எட்டு ரூபாயில் பாதிக்கு மேல் எங்கள் கம்பெனியின் தாமதம். அதை அவர் விலையில் ஏற்றி எங்களிடமே வசூலித்துக்கொண்டிருந்தார், நாங்கள் அதற்குத் ‘தோல் விலை’ என்று பேர் வைத்திருந்தோம். ராணிப்பேட்டைக்காரர் புதியவர், எங்களிடம் இன்னும் காத்திருந்து பழகவில்லை. அவர் 45 நாளை நம்பி 134 சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அவரும் ஏற்றியிருப்பார்.

நாள் எங்கே தொடங்குகிறது

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2006-ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு, குறு அல்லது சிறு தொழிலிடம் வாங்கியதற்கு 45 நாளுக்கு மேல் கெடு பேசவே முடியாது என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். அந்த நாள் எண்ணிக்கை தொடங்குவது பொருள் கையில் வந்த தேதியிலிருந்து. குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொன்னால் குறை தீர்ந்த தேதியிலிருந்து. எங்கள் ஸ்டோர் எப்போது ஜி.ஆர்.என். போட்டது என்பது சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி, 16-வது பிரிவு. 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) சேர்ந்தது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, எந்த வருடம் உண்மையில் கொடுக்கிறோமோ அந்த வருடச் செலவாகத்தான் காட்டமுடியும். அதனால் மார்ச் வந்தால் கம்பெனிகள் பதறிக்கொண்டு பழைய பில்களைத் தீர்க்கின்றன. ஏப்ரலில் மறுபடி பழைய நடை.

உரிமை இருக்கிறது என்பதற்காக எந்த டேனரிக்காரரும் வாடிக்கையாளர் மேல் வட்டி கேட்டுப் புகார் போடமாட்டார். தாமதமான பணத்துக்குப் புகார் பதிய சமாதான் என்ற அரசு இணையதளம் 2017-ல் வந்தது. அதில் பேர் வந்த மறுநாள் ஆர்டர் நின்றுவிடும் என்பது பேரணாம்பட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே சட்டம் வாங்குகிறவர் மேசையில் நிறைவேற வேண்டும், வேறு எங்கும் அது நிறைவேறாது. 2025 ஏப்ரல் 1 முதல் சிறு தொழிலின் வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்றுமுதலில் 100 கோடி என்று உயர்ந்துவிட்டது. முன்பு நடுத்தரம் என்று இந்தப் பாதுகாப்புக்கு வெளியே இருந்த டேனரிகள் பல இப்போது உள்ளே வந்துவிட்டன. சப்ளையர்களிடம் உத்யம் பதிவெண்ணை, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்று அரசிடம் பதிந்த எண்ணை, வாங்கி வைக்காத பர்சேஸ் பிரிவுகள் இன்றே அதைச் செய்யட்டும்.

என்ன முடிவானது

பயிற்சியாளர் மேனேஜரிடம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பழைய சப்ளையரிடமே வாங்கலாம். தோல் இறங்கிய தேதியிலிருந்து 45-வது நாள் பணம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் அவர் 138 ரூபாய் 50 காசுக்கு ஒப்புக்கொள்கிறார். ராணிப்பேட்டைக்காரரைக் கைவிட வேண்டாம். பெண்கள் சான்டல் மாடலுக்கு வெட்டுவது எல்லாம் குறுகிய பட்டைகள், அதில் சிறிய சைடும் தழும்புக்கு நடுவே கிடைக்கும் இடமும் வீணாகாது, அங்கே அவர் ரேட்டுதான் சரியான ரேட்டு. இந்த மூன்றாவது யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரை ‘மட்டமான தோல்’ என்று தள்ளிவிடுவது சுலபம். எந்தத் தோல் எந்தச் செருப்புக்கு என்று பொருத்துவதில்தான் பர்சேஸ்காரரின் திறமை இருக்கிறது.

மேனேஜர் மூன்றையும் ஏற்றார். அக்கவுண்ட்ஸ் முதலில் மறுத்தது, பிறகு இந்த ஒரு சப்ளையருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தது. 39,600 சதுர அடிக்கு 3 ரூபாய் 50 காசு வீதம் மிச்சம் 1,38,600.

நவம்பர் ரிவ்யூவில் அவர் ஸ்லைடில் இருந்தது அந்தத் தொகை. அட்டைப் பெட்டியை லேசாக்கிய பயிற்சியாளரின் ஸ்லைடில் அதைவிடப் பெரியது இருந்தது. மேலிடத்திலிருந்து ஒருவர், “கையில மூணு லட்சம் வந்ததே, அத விட்டுட்டீங்களே” என்று கேட்டார். அவர் 2.4-ஐ விளக்கினார். கேட்டவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மதிப்பெண் தாளில் ‘விலைக் குறைப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது, ‘ஜோடி அடக்கம்’, அதாவது ஒரு ஜோடிக்கு ஆகும் செலவு, என்று கட்டம் இல்லை. லேசாக்கிய பெட்டிகள் கடல் ஈரத்தில் என்ன ஆகும் என்பது சீசன் முடிந்து பையரிடமிருந்து செய்தி வந்தால்தான் தெரியும். அப்போது அந்தப் பையன் வேறு துறையில் இருப்பான், யாரும் அவனைக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அவன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை, நாம் கொடுத்த கட்டத்தை அவன் நிரப்பினான்.

அவர் நகர்ந்த பிறகு

டிசம்பர் முதல் தேதி அவர் தரப் பிரிவுக்குப் போனார். பர்சேஸில் அவருடைய லாகின் அன்றே மூடப்பட்டது. பேரணாம்பட்டிலிருந்து தோலின் கடைசித் தவணை இறங்கியது அதற்குச் சில நாள் முன்புதான். அதன் 45-வது நாள் ஜனவரியில் வந்தது, போனது. விதிவிலக்கு என்று அக்கவுண்ட்ஸில் ஒப்புக்கொண்டவர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் வழக்கப்படி ஜி.ஆர்.என். தேதியைப் பார்த்து, ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று வைத்துவிட்டார்.

பெரியவர் பர்சேஸ் பிரிவுக்குப் போன் செய்யவில்லை. பயிற்சியாளரின் கைப்பேசிக்குக் கூப்பிட்டார். “நீங்கோ சொன்னீங்கோன்னுதான் மா குறைச்சேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வாக்கு கொடுத்தது கம்பெனி, ஆனால் அவர் பார்த்த முகம் இந்தப் பெண்ணுடையது. இவரோ இப்போது அந்த நாற்காலியில் இல்லை. தரப் பிரிவிலிருந்து நடந்து அக்கவுண்ட்ஸுக்குப் போய், பழைய மேனேஜரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பேசி, 71-வது நாள் பணத்தை விடுவிக்க வைத்தார். அதற்குள் அடுத்த மாடலுக்கு 22,000 சதுர அடிக்குக் கொட்டேஷன் வந்துவிட்டது. ரேட்டு 141. இரண்டரை ரூபாய் திரும்ப ஏறியதில் 55,000 ரூபாய் போனது. ஆறு மாதத்தில் சம்பாதித்த நம்பிக்கையின் விலையை இவ்வளவு துல்லியமாக நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஒரு தோல் ஆர்டரின் ஆயுளைக் கணக்கிட்டுப் பாருங்கள். அடக்கம் போட்டு ரேட் பேசி, தோல் தயாராகி இறங்க ஒன்றரை மாதத்துக்கு மேல். வெட்டித் தைத்து பெட்டியில் அடைக்க அடுத்த மாதங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஐரோப்பா போக இன்னும் நாள் வேண்டும்; 2023 கடைசியில் செங்கடல் வழி சிக்கலான பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் அது மேலும் கூடியது. பிறகுதான் பையரின் புகார் இருந்தால் வரும், சப்ளையரின் கடைசிப் பில் தீரும். இந்த ஆயுள் ஆறு மாதத்துக்குள் அடங்காது. பர்சேஸில் ஒருவர் செய்த நல்லதும் கெட்டதும் அவர் போன பிறகே பழுக்கிறது. ஆறாவது மாதத்தில் மதிப்பெண் போட்டால் காயைப் பார்த்துத்தான் போடுகிறோம்.

பயிற்சிக் காலத்தை நீட்டச் சொல்லவில்லை. நான் திட்டக் குழுவில் கேட்டது வேறு. பயிற்சியாளர் துறை மாறினாலும் அவர் போட்ட ஒரு பெரிய பி.ஓ. அவர் கையிலேயே இருக்கட்டும், கடைசிப் பில் தீரும்வரை அதைப் பார்க்கும் உரிமையும் கேட்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். மூன்றாவது சுற்று அக்கவுண்ட்ஸாக மாறட்டும்: கட்டிங்கில் தோல் எப்படிச் செலவாகிறது என்று பார்த்தவர், பர்சேஸில் அதை எப்படி வாங்குவது என்று கற்றவர், அதற்கான பணம் எப்படிப் போகிறது அல்லது போகாமல் கிடக்கிறது என்பதையும் பார்க்கட்டும். மாறிப் போகும்போது, அடுத்து வருகிறவரைக் கூட்டிக்கொண்டு சப்ளையரிடம் நேரில் போய் “இனிமே இவங்கதான் பாய்” என்று சொல்லிவிட்டு வரட்டும், ஈமெயிலில் பேர் மாற்றுவது இந்தத் தொழிலில் கைமாற்றம் ஆகாது. மதிப்பெண் தாளில் சதுர அடி விலைக்குப் பதில் ஜோடி அடக்கம் வரட்டும், அதுவும் சீசன் முடிந்த பிறகு.

கைமாற்றப் பயணத்தையும் பி.ஓ. தொடர்ச்சியையும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த குழுவில் பர்சேஸுக்கு வந்த பையனை அவரே பேரணாம்பட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் கூட்டிப்போனார். மதிப்பெண் தாளில் ‘விலைக் குறைப்பு’ கட்டத்துக்குக் கீழே ‘ஜோடி அடக்கம்’ என்று இன்னொரு கட்டம் சேர்ந்தது, பழையது எடுக்கப்படவில்லை. அக்கவுண்ட்ஸ் சுற்று இன்னும் பேச்சில் இருக்கிறது.

கேட்டில் தோல் இறங்கும் தேதியை இப்போது செக்யூரிட்டி பதிவேட்டிலிருந்து நேராகக் கணினியில் ஏற்றுகிறார்கள், 45 நாள் அங்கிருந்து ஓடுகிறது. இது தோலுக்கு மட்டும். கட்டிங் டை அடித்துத் தருகிறவர்கள், அட்டைப் பெட்டிக்காரர்கள், லேஸ் தருகிறவர்கள் எல்லோரும் டேனரிகளைவிடச் சிறியவர்கள். அவர்களுக்கு இன்னும் ஜி.ஆர்.என். தேதியிலிருந்துதான் எண்ணுகிறோம். தோலுக்குச் செய்ததை அவர்களுக்கும் செய்ய மென்பொருளில் ஒரே ஒரு மாற்றம் போதும். அதைக் கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரும்வரை மறுபடி எழுதுவேன்.